குப்பைக்கு விலை வந்துவிட்டது, அள்ளிய கைக்கு?

(மூலக்கொத்தளத்தில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மறுசுழற்சியும் நீடித்த கழிவு மேலாண்மையும்' என்று இந்த அமர்வுக்குத் தலைப்பு வைத்திருக்கிறீர்கள். ஆய்வு மாணவனாக இந்தச் சொற்களை நான் அதிகம் கேட்டது ஏசி அரங்குகளில்தான். அங்கே திரையில் பச்சை அம்புக்குறிகள் வட்டமாகச் சுற்றும். பாட்டில் இருக்கும், அட்டைப்பெட்டி இருக்கும், தொழிற்சாலை இருக்கும். பாட்டிலைக் குனிந்து எடுத்தவர் மட்டும் படத்தில் இருக்க மாட்டார். இன்று அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அதற்கு மூலக்கொத்தளத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் இது. நடராசன் ஒரு தலித் இளைஞர் என்பதை மேடைகளில் பலரும் சொல்லாமல் கடந்துவிடுவார்கள். இந்தச் சுடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில்தான் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. வீடு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழைக்கு வீடு என்றதும் சுடுகாடும், கழிவு என்றதும் வடசென்னையும் நினைவுக்கு வருகிறதே, அந்த நினைவு எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

மறுசுழற்சி என்பது நேற்று வந்த கொள்கை அல்ல. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த வண்டிக்காரர், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்த பெண், தெருமுனைக் காயலான் கடைக்காரர், அவரிடம் மூட்டையைப் போட்டு எடைபோட்டுக் காசு வாங்கிய அம்மா, இவர்கள்தான் இந்த நகரத்தின் மறுசுழற்சித் துறை. மாநகராட்சியின் பட்ஜெட்டில் இவர்களுக்கு ஒரு வரி கிடையாது. ஆனால் இவர்கள் எடுத்துச் சென்ற ஒவ்வொரு கிலோவும் மாநகராட்சி லாரியில் ஏறாத கிலோ. லாரிக்கூலியும் கிடங்கின் இடமும் நகரத்துக்கு மிச்சமாயின. அந்த மிச்சத்தில் ஒரு காசும் இவர்களுக்கு வந்ததில்லை.

இவர்களுடைய அறிவைக் கவனியுங்கள். ஒரு கவரைக் கையால் கசக்கிப் பார்த்தே அது உருகுமா, விலை போகுமா என்று சொல்வார்கள். பெட் பாட்டிலின் மூடி வேறு, உடல் வேறு, மேலே ஒட்டிய தாள் வேறு என்று பிரிப்பார்கள். பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டம் உண்டு. தெருவில் செய்தால் 'குப்பை பொறுக்குறவங்க' என்ற பெயர் உண்டு.

இந்த வேலைக்கு ஏன் இந்த மக்கள் மட்டும்? 1936ஆம் ஆண்டு எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் பாபாசாகேப் இதற்கு விடை சொல்லிவிட்டார். சாதியை வேலைப் பங்கீடு என்று நியாயப்படுத்துகிறவர்களுக்கு அவர் காட்டியது, அது வேலை செய்பவர்களையே மேல்கீழாக அடுக்கி வைக்கிறது என்பதை. சென்னையில் துடைப்பம் பிடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகளாகவும், அவர்களில் பெரும்பகுதியினர் பெண்களாகவும் இருப்பது தற்செயல் அல்ல.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உருவாக்குபவரே அதைத் தரம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் தனியே பொதிந்து கொடுக்க வேண்டும் என்றும் சொல்லின. நகரத்தின் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது? மாடிவீட்டில் படித்தவர்களுக்கு மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். மீந்த சாம்பாரும் உடைந்த கண்ணாடியும் நாப்கினும் ஒரே கவரில் முடிச்சுப் போடப்பட்டு வாசலுக்கு வருவதற்கு ஒரே காரணம், 'அதைப் பிரிக்க ஆள் இருக்கிறது' என்ற நிம்மதி. தன் கழிவைத் தான் தொட மாட்டேன், நீ தொடு என்பதற்குத் தீண்டாமை என்று பெயர். சுற்றுச்சூழல் விழிப்புணர்வு முகாம் நடத்தி இதைத் தீர்க்க முடியாது. இது விழிப்புணர்வுக் குறைபாடு அல்ல, சாதிப் பழக்கம்.

குப்பைக்கு விலை இல்லாதவரை அது 'உங்க சாதி வேலை'. விலை வந்ததும் அது கம்பெனியின் சொத்து. கடந்த இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

2000ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனம் சென்னையின் சில மண்டலங்களில் இறங்கியது. எத்தனை டன் அள்ளுகிறதோ அத்தனைக்குக் காசு என்பது ஒப்பந்தம். யோசித்துப் பாருங்கள். எடைக்குக் காசு என்றால், தெருவிலேயே பிரித்துக் குப்பையைக் குறைப்பது யாருக்கு லாபம்? பிறகு 2007இல் நீல் மெட்டல் ஃபனால்கா, அதன்பின் ராம்கி, 2020இல் உர்பேசர் சுமீத். பெயர்கள் மாறின, சீருடையின் நிறம் மாறியது. துடைப்பம் பிடித்த கைகள் மாறவில்லை.

கடைசியாக நம் பகுதிக்கும் வந்தது. 2025இல் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆவது மண்டலங்கள் பத்தாண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குப் போயின. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த சுமார் 2,000 பேர் ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். மாதம் 22,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய சம்பளம் 17,000க்கும் கீழே போகும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. வெயிலிலும் மழையிலும் பதின்மூன்று நாள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கியது. மறுநாள் அமைச்சரவை கூடி காலை உணவு, காப்பீடு, சுயதொழில் கடன், வீடு என்று திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்டது பணி நிலைப்பு. அதைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வார்த்தை இல்லை. கொரோனா காலத்தில் இவர்களுக்கு மாலை போட்டோம், காலில்கூட விழுந்தோம். மரியாதை செய்வது எளிது, பணி ஆணை கொடுப்பது கடினம்.

அடுத்தது கொடுங்கையூர். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. வடக்கு, மத்திய மண்டலங்களின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரில்தான் கொட்டப்பட்டது. இப்போது சுமார் 250 ஏக்கரில் குவிந்த சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையை அகழ்ந்தெடுக்கும் பணி நடக்கிறது. மலை கரைவதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதே வளாகத்தில் ஒரு நாளைக்கு 2,100 டன் குப்பையைக் கையாண்டு மின்சாரம் எடுக்கும் எரிஉலையைத் திட்டமிட்டிருக்கிறார்கள். எதிர்த்து 2025 மே மாதம் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள்.

புகையைப் பற்றி மற்றவர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். எண்ணூர், மணலியின் காற்றைச் சுவாசிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு கணக்கை மட்டும் சொல்கிறேன். நம் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. வாழைப்பட்டையும் மீந்த சோறும் எரியாது. உலைக்கு எரிய வேண்டியது காகிதம், அட்டை, பிளாஸ்டிக், துணி. அதாவது நம் அம்மாக்கள் காயலான் கடையில் போட்டு அடுப்பு எரிக்கும் அதே பொருட்கள். உலை ஒருமுறை கட்டப்பட்டால் இருபது முப்பது ஆண்டுகளுக்கு அதற்குத் தீனி போட வேண்டும். குப்பையைக் குறைத்தால் உலைக்கு நட்டம். எரிஉலையும் மறுசுழற்சியும் ஒரே பொருளுக்குப் போட்டியிடும் இரண்டு வயிறுகள். கொள்கை எந்த வயிற்றின் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் தயாரிக்கும் கம்பெனிகள் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2022இல் ஒன்றிய அரசு விரிவான நெறிமுறை கொண்டுவந்தது. நல்ல கொள்கை. நடைமுறையில் கம்பெனிகள், பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைகளிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்கின்றன. அந்தச் சான்றிதழுக்கு ஒரு விலை உண்டு. சாக்கடை ஓரத்தில் அந்த பாட்டிலை எடுத்த பெண்ணின் பெயர் அதில் எங்கும் இல்லை.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. புனேயில் குப்பை சேகரிப்போர் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற சங்கம் கட்டினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் சேகரிக்கும் உழைப்பாளர் பஞ்சாயத்து என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை எடுக்கிறது. வீடுகள் கட்டணம் தருகின்றன. பிரித்த பொருளை விற்கும் உரிமை சேகரித்தவருக்கே. அங்கும் சாதி ஒழிந்துவிடவில்லை, ஒப்பந்தப் புதுப்பிப்புக்கு ஒவ்வொரு முறையும் போராடத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் குப்பை யாருடைய சொத்து என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு விடையை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். குப்பை சேகரிப்போரின் அமைப்புகளை அங்கீகரித்து இணைக்க வேண்டும் என்று 2016 விதிகளே உள்ளாட்சிகளுக்குச் சொல்லியிருந்தன. சட்டத்தில் இல்லாததை நாம் கேட்கவில்லை.

நம் இயக்கத்துக்குள்ளேயே எழும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். 'பணி நிரந்தரம் கேட்டால் நம் மக்களை அதே குப்பையில் நிரந்தரமாக்குவது ஆகாதா?' நேர்மையான கேள்வி. இந்த வேலையிலிருந்து நம் அடுத்த தலைமுறை வெளியேற வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வெளியேறுவது வேறு, வெளியேற்றப்படுவது வேறு. நிரந்தர வேலையில் இருக்கும் தாயின் பிள்ளை கல்லூரிக்குப் போகும். ஒப்பந்தக் கூலியில் இருக்கும் தாயின் பிள்ளை, அம்மாவுக்கு உடம்பு முடியாத நாளில் அவருடைய வண்டியைத் தள்ளப் போகும். சம்பளம் உயர்ந்து, ஓய்வூதியம் வந்து, இயந்திரம் வந்து, இது ஒரு மதிப்பான அரசு வேலை ஆகும்போதுதான் மற்ற சாதியாரும் விண்ணப்பம் போடுவார்கள். வேலைக்கும் சாதிக்கும் இருக்கும் முடிச்சு அப்படித்தான் தளரும்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். தூய்மைப் பணியாளர்களுக்குப் பணி நிலைப்பு. பிரித்த பொருளை விற்கும் வருமானத்தில் பிரித்தவருக்கு உரிமை. காயலான் கடைகளையும் சேகரிப்போரையும் பதிவு செய்து அடையாள அட்டையும் வார்டுதோறும் தரம் பிரிக்க இடமும் கொடுப்பது. ஈரக் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்குவது. போட் கிளப்பின் குப்பைக்குப் போட் கிளப்பிலும் ஒரு குழி இருக்கட்டும். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம். பிரிக்காத குப்பையைத் தரும் வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் அபராதம்.

அடுத்த முறை ஒரு டெண்டரையோ திட்ட அறிக்கையையோ கையில் எடுத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குப்பையை யார் கை தொடப் போகிறது? அதில் வரும் காசு யார் பைக்குப் போகிறது? மிஞ்சியது யார் தெருவில் கொட்டப்படுகிறது? இந்த மூன்றுக்கும் பழைய விடைகளே வந்தால், அந்தத் திட்டத்தின் பெயர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அது நீடிக்கச் செய்வது சாதியைத்தான்.