குழந்தைகளுக்காக மலையேறப் போறீங்களா?

குழந்தைகள் பாதுகாப்புக்கு நிதி திரட்ட மலையேறப் போறீங்களா? நல்ல விஷயம். கிளம்பும் முன் கைபேசியில் மூன்று வேலைகளை முடிச்சிடுங்க.

முதலில், வனத்துறை அனுமதித்த பாதையை 'ட்ரெக் தமிழ்நாடு' இணையதளத்தில் முன்பதிவு செய்யுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ பறித்த உயிர்களை மறக்க முடியாது.

அடுத்து, நன்கொடை நேராகத் தொண்டு நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும். கொடுத்தவருக்கு ரசீது கிடைக்கணும்.

மூன்றாவதுதான் முக்கியம். பார்ப்பவர் மனம் இளகணும்னு பாதிக்கப்பட்ட குழந்தையின் படத்தையோ பெயரையோ பகிராதீங்க. போக்சோ சட்டம் அதைத் தடை செய்கிறது. அடையாளம் வெளியே தெரிஞ்சா, அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போவதே கஷ்டம். படத்துக்குப் பதிலா 1098 என்ற எண்ணைப் போடுங்க. 24 மணி நேரமும் இயங்கும் கட்டணமில்லா குழந்தைகள் உதவி எண் அது. பணம் தர முடியாதவரும் அதை ஒரு குழந்தைக்குச் சொல்லித்தரலாமே!