விழாமல் காப்பதும் அமானிதமே

(பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஒரு குற்ற உணர்வோடுதான் இவ்வுரையைத் தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், நாற்காலியில் அமர்ந்து தொழுவோர் பெருகிவிட்டனர் என்று ஜும்ஆ பயானில் கடிந்து பேசினேன். இயன்றும் அமர்வோரைக் கருதியே பேசினேன். ஆயினும், உண்மையிலேயே இயலாதிருந்த ஒரு பெரியவர் அச்சொல்லைத் தம்மைக் குறித்ததாக எடுத்துக்கொண்டு, அதன்பின் நாற்காலியைத் தொடவில்லை. ஒரு சுப்ஹுத் தொழுகையில் சுஜூதிலிருந்து எழுகையில் நிலைதடுமாறிச் சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. முன் ஸஃப்பில் அவருடைய இடத்திற்கு அவர் திரும்பவேயில்லை.

அன்று நான் சட்டத்தை முழுமையாக எடுத்துரைத்திருக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து வலப்புறம் சிராய்ப்புற்றபோது, உட்கார்ந்தே தொழுகை நடத்தினார்கள். அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக இது புகாரி ஷரீஃபில் பதிவாகியுள்ளது. தக்க காரணத்தோடு அமர்பவருக்கு நன்மையில் குறைவில்லை. நிற்க இயன்றவர் ஃபர்ளான தொழுகையில் நிற்பது கடமை என்பதும் உண்மையே. மருத்துவர்களும் இதற்கு மாறாகக் கூறுவதில்லை. பயன்படுத்தாத கால் தசை வலுவிழக்கும், வலுவிழந்த கால் நம்மை வீழ்த்தும் என்கின்றனர். கைகளைத் தரையில் ஊன்றி எழுவது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்தாகும். ஹனஃபி மத்ஹபிலும் இயலாதவருக்கு அதில் தடையில்லை. ஊன்றி எழ வெட்கப்படாதீர்கள்.

கீழே விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. எதிர்பாரா விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இறப்போரில் மிகப் பெரும் பகுதியினர் முதியோர்.

தஹஜ்ஜுதுக்கோ சுப்ஹுக்கோ விழித்தவுடன் துள்ளி எழுவதில் ஆபத்துண்டு. படுக்கையிலிருந்து சடுதியில் எழும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். இரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை உட்கொள்வோருக்கு இது மிகுதி. கால்களைத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் அமர்ந்து, பிறகு எழுங்கள். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குத் தரையின் ஈரம் தெரியாது; கண்புரையுள்ளவருக்குப் படி தெரியாது. தரையில் புரளும் கைலி, தேய்ந்த ரப்பர் செருப்பு, விளக்கில்லாத கழிப்பறை ஆகியவையும் அவ்வாறே. துண்டு உலர்த்தும் கம்பி உடல் எடையைத் தாங்காது. பிடித்து எழுவதற்கென்றே கைப்பிடி பதிக்க வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. விழுந்ததை மறைப்பது! “மகனுக்குத் தெரிந்தால் பள்ளிக்கு அனுப்ப மாட்டான் ஹஜ்ரத்” என்று என்னிடமே சிலர் கூறியுள்ளனர். ஒருமுறை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்பு மிகுதி. காரணத்தை மருத்துவர் கண்டறிந்தாலன்றி அது குறையாது. பிள்ளைகளே, நீங்கள் அதட்டினால் வாப்பா மறைப்பார், உம்மாவும் மறைப்பார். பள்ளிக்குப் போகாதே என்று தடுப்பதைவிட, கைபிடித்து அழைத்து வாருங்கள். யாரேனும் விழுந்தால் பதறித் தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பிலோ தொடையிலோ வலி என்றால் எண்ணெய் தேய்த்து நீவாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நம் பள்ளியின் நிலையையும் கூறிவிடுகின்றேன். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைக் குழாயடியில் நீட்டி ஒளுச் செய்யும் பெரியவர்களை நாள்தோறும் காண்கின்றேன், நெஞ்சு பதறுகின்றது. அமர்ந்தே செய்யுங்கள். ஹவ்ளின் படியில் படியும் பாசியை வாரம் இருமுறை தேய்த்துக் கழுவ நிர்வாகக் குழு இசைந்துள்ளது. வாசலில் செருப்புகளை நடைபாதையில் சிதற விடாமல் ஓரமாக வைப்பது இளைஞர்களின் பொறுப்பு. சுவர்க் கைப்பிடிகளுக்கும் ஒளுச் செய்யுமிடத்தில் கல் இருக்கைகளுக்கும் ஆகும் செலவில் பங்கேற்க விரும்புவோர், இன்றே முத்தவல்லி சாஹிப் அவர்களைச் சந்திக்கவும்.

வஸ்ஸலாம்.