கோட்டை முன்றிலில் ஓர் ஆடுகளம்

மன்னார்த் தீவின் கரையோர ஊர்களில் மாலைப்பொழுதில் கடற்கரைக்குச் செல்வோர், வள்ளங்களுக்கும் உலரும் வலைகளுக்கும் இடையே பந்துதைக்கும் சிறுவரைக் காண்பர். பேசாலையாயினும் பள்ளிமுனையாயினும் காட்சி ஒன்றே. வெறுங்கால், சுடுமணல், இரண்டு கம்புகளை நட்டு அமைத்த கோல். இவ்வாறு மணலிற் பழகிய இளைஞர், புற்றரையும் பார்வையாளர் மேடையும் உள்ள அரங்கொன்றில் ஆட விரும்பினால், வடபுலத்தில் அவர்கள் முதலில் எண்ணுவது யாழ்ப்பாணத்துத் துரையப்பா விளையாட்டரங்கையே. அவ்வரங்கின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

யாழ்ப்பாணக் கோட்டையின் முன்னே முற்றவெளி என்னும் திறந்த நிலம் உண்டு. கோட்டை கட்டிய அந்நியர், பகைவர் மறைந்து வருவதற்கு இடமிருத்தல் ஆகாது, பீரங்கியின் குறிக்கும் தடை இருத்தல் ஆகாது என்று, மதிலின் முன்புறத்தை வெறுவெளியாக விட்டுவைப்பது அக்கால வழக்கம். போருக்காக வெறிதாக்கப்பட்ட அந்நிலம், போர்கள் ஓய்ந்த காலத்தில், ஊரார் கூடவும் ஆடவும் உரிய இடமாயிற்று. அதன் பக்கத்திலேதான் விளையாட்டரங்கும் அமைந்தது. நிலம் தன் பழைய தொழிலை மறந்துவிட்டது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அரங்கு தாங்கும் பெயர் அல்பிரட் தம்பிராஜா துரையப்பாவினுடையது. அவர் சட்டத்தரணி. 1960 இல் யாழ்ப்பாணத் தொகுதியில் சுயேச்சையாக நின்று பாராளுமன்றம் சென்றவர். பின்னர் மாநகர முதல்வராக இருந்த காலத்தில், 1975 ஜூலை 27 ஆம் நாள், பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபடச் சென்றவிடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய அரசியலைப் போற்றியவரும் இருந்தனர்; கடிந்தவர் அதனினும் பலர். எனினும் ஆட்டம் பார்க்கச் செல்வோர் இன்றும் அப்பெயரைச் சொல்லியே செல்கின்றனர்.

1981 இல், அரங்கிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. பின்னர் கோட்டையில் படையினர் இருக்க, வெளியே போராளிகள் சூழ்ந்து நிற்கும் காலம் வந்தது. 1990 ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிகழ்ந்த முற்றுகையின்போது, முற்றவெளி, கோட்டை கட்டியவர் கருதிய தொழிலுக்கே மீண்டது. எறிகணை விழும் வெளியில் பந்து உருளுமா?

மன்னாருக்கும் அவ்வாண்டு கொடியதே. தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் 1990 இல் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். கைப்பையளவு உடைமையோடு கடற்கரையில் நின்று வள்ளம் ஏறியவர் பலர். ஒரே மணலில் பந்தாடி வளர்ந்த இளைஞர் இவ்வாறு பிரிந்தனர். இத்தகைய இழப்பை எந்தப் போட்டியின் பெறுபேற்றுப் பட்டியலும் காட்டுவதில்லை.

1999 ஏப்ரலில், துரையப்பா அரங்கைத் திருத்துவதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. சுமார் 25 பேருடையவை என்று கணக்கிடப்பட்டது. மன்னார் நேயர்களுக்கு இச்செய்தியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. 2013 டிசெம்பரில் திருக்கேதீஸ்வரத்தின் அருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியவர்களும், 2018 இல் மன்னார் நகரில் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியவர்களும் இவ்வாறே திகைத்து நின்றனர். நகரிற் கிடைத்தவை 300 பேருக்கும் மேற்பட்டோருடையவை. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அவற்றிற் சிலவற்றைச் சோதித்து, 1499 க்கும் 1719 க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. ஆண்டைக் கருவி சொல்லிவிடும். வீடு திரும்பாத மகனைத் தேடும் தாய் கேட்பது ஆண்டை அன்று.

ஆடுகளம் அவலக்களமாவது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பாரிசுக்கு வடமேற்கே, கொலோம்ப் என்னும் ஊரில் பழைய அரங்கம் ஒன்றுண்டு. 1924 ஒலிம்பிக் விழா அங்கே நடைபெற்றது. 1938 ஜூனில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதிப் போட்டியில் இத்தாலி ஹங்கேரியை 4க்கு 2 என வென்றதும் அங்கேதான். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் போர் மூண்டதும், பிரெஞ்சு அரசு ஜெர்மானியரையும் ஒஸ்திரியரையும் அதே அரங்கில் அடைத்து வைத்தது. அவர்களுட் பலர் ஹிட்லருக்கு அஞ்சித் தப்பி வந்த அகதிகள். வால்டர் பெஞ்சமின் என்னும் பேரறிஞரும் ஒருவர். ஈராண்டுக்குள் ஒரே படிக்கட்டுகளில் ஆரவாரித்தவரும் அமர்ந்தனர், ஆதரவற்றவரும் அமர்ந்தனர். 2024 ஒலிம்பிக்கில் இந்திய ஹொக்கி அணி ஸ்பெயினை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றதும் அவ்வரங்கிலேயே.

துரையப்பா அரங்கு இந்திய அரசின் 7 கோடி ரூபாவுக்கும் மேற்பட்ட உதவியோடு புதுப்பிக்கப்பட்டு, 1,850 இருக்கைகளுடன் 2016 ஜூன் 18 ஆம் நாள் திறக்கப்பட்டது. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன யாழ்ப்பாணத்தில் இருந்தார்; பிரதமர் நரேந்திர மோடி டில்லியிலிருந்து காணொளி வழியே கலந்துகொண்டார். பெரியதோர் ஊரின் அரங்குக்கு 1,850 இருக்கை போதாதென்று சொல்வாரும் உண்டு. நல்ல ஆட்டமெனின் வேலியோரம் நின்று பார்ப்பதில் நம்மவர் என்றும் குறைவைத்ததில்லை.

மன்னாருக்கு இவ்வரங்கிலும் பெரிய உதவி செய்தவை இரண்டு பாலங்கள் எனலாம். 2010 மார்ச்சில் மன்னார்ப் பாலமும், 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டன. அதன்பின் தீவின் அணி, வவுனியாவைச் சுற்றாமல், பூநகரி வழியே காலையிற் சென்று ஆடி, இரவில் வீடு திரும்பக்கூடியதாயிற்று. போர்க்காலத்தில் வளர்ந்த மன்னார் இளைஞருள் டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்கள வீரரானார். மாலைதீவுக் கழகமொன்றுக்காகவும் ஆடினார். 2022 பெப்ரவரியில், 31 வயதில், அந்நாட்டிலேயே காலமானார். அவர் பிறந்த 1990, பாலம் தகர்ந்த ஆண்டு.