ஈரல் கட்டியும் பித்தளைப் பாத்திரமும்



ஈரல் கட்டி என்று சொல்லி நம் நாட்டில் எத்தனை குழந்தைகளைப் புதைத்தோம்! முதற்பிள்ளை வயிறு வீங்கிச் செத்து, அடுத்த பிள்ளையும் அதே விதமாய்ப் போனால் குலசாபம், கிரகதோஷம் என்றார்கள். பரிகாரத்துக்குத் தட்சணையும் வாங்கினார்கள். பால் காய்ச்சிய பாத்திரத்தை யாராவது பார்த்தார்களா?

பூனாவில் ஆராய்ந்து 1983-ல் எழுதிய டாக்டர்கள் அதைத்தான் பார்த்தார்கள். செம்பு நம் உடலுக்குக் கடுகளவு வேண்டிய தாதுதான். மிஞ்சியதை ஈரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். கைக்குழந்தையின் ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது. பித்தளையிலும் பெரும்பங்கு செம்புதானே? ஈயம் பூசாத பாத்திரத்தில் மாட்டுப்பாலைக் காய்ச்சி வைத்தால், பாலிலுள்ள புரதம் செம்பைப் பற்றி இழுத்துக்கொள்ளுகிறது. அது நாள்தோறும் சேர்ந்து ஈரல் இறுகிப்போகிறது.

ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டிலும் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே மாதிரி செத்தன. நம்மூர்ச் சனி பகவான் ஆல்ப்ஸ் மலைக்கும் போய்வந்தாரா? அங்கும் செம்புப் பாத்திரந்தான். மாற்றினார்கள், நோய் நின்றது. பிறவிக் குறையும் சேர்ந்திருக்கும் என்று சொல்லும் டாக்டர்கள் உண்டு. இருக்கட்டும், பரிகாரத்துக்கு அசையாத குலசாபம் எவர்சில்வருக்குப் பயந்து ஓடிய வேடிக்கையைப் பாருங்கள்!

இப்பொழுது முன்னோர் விஞ்ஞானம் என்று சொல்லிச் செம்புச் சொம்பு விற்கிறார்கள். பெரியவர்கள் அதில் தண்ணீர் குடிப்பது வேறு சங்கதி. கைக்குழந்தையின் பாலை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். தாய்ப்பால் இருக்கும்போது எந்தப் பாத்திரமும் வேண்டியதில்லை.