ஏரி காத்த ஊர்

உத்திரமேரூர் என்றவுடன் உங்களுள் பலருக்குக் குடவோலை என்னும் சொல் நினைவுக்கு வரும். தேர்வில் அதுபற்றி விடையும் எழுதியிருப்பீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து அத்தகைய விடைகளைத் திருத்தியவன் நான். அவற்றில் குடம் இருக்கும், ஓலை இருக்கும், ஏரி மட்டும் இராது. அவ்வூரின் நிலத்தையும் நீரையும் அறியாமல் அதன் ஆட்சிமுறையை அறிய இயலாது என்பதே இன்று நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். பழைய தொண்டை மண்டலத்துக் காலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. இப்பகுதி நதிகள் ஆண்டு முழுதும் நீர் பாயும் நதிகள் அல்ல. பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணற்படுகையாகவே காட்சி தரும். சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறும் அத்தகையதே. அது திருமுக்கூடலில் வேகவதியோடு சேர்ந்து பாலாற்றில் கலக்கிறது. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள சில வாரங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. அவ்வாறு பெய்த நீரைத் தேக்கி வைத்தால்தான் நெல் விளையும். தவறினால் அவ்வளவும் கடலுக்குப் போகும்.

ஆகவேதான் நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் வந்ததும் இதனாலேயே. ஏரி என்பது வெறும் பள்ளமன்று. சரிந்து செல்லும் நிலத்தில், தாழ்ந்த பக்கத்தை வளைத்துக் கரை எழுப்பி, மேட்டுப் பக்கத்திலிருந்து வரத்துக்கால் வழியே நீரைச் சேர்ப்பர். மதகின் வழியே நீர் வயலுக்குப் பாயும். மிகுந்த நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரியை அடையும். இவ்வாறு ஓர் ஏரியின் மிச்சம் மற்றோர் ஏரிக்கு முதலாகிறது. உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்று நீரும் அனுமன்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே வருகிறது.

ஏரிக்குப் பகைகள் இரண்டு. ஒன்று வண்டல்; மற்றொன்று உடைப்பு. ஆண்டுதோறும் வெள்ளத்தோடு வந்து படியும் வண்டலை அகற்றாவிடில் ஏரி மேடாகி, கொள்ளளவு குறைந்துகொண்டே போகும். கரையில் ஓரிடத்தில் உண்டான சிறு பொத்தலை அடைக்காவிடில் ஒரே இரவில் ஊர் முழுவதன் விளைச்சலும் போய்விடும். தன் வயலைத் தானே உழுதுகொள்ளலாம். தன் ஏரியைத் தான் ஒருவனாகக் காத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதற்கு ஊர் கூட வேண்டும். பொருள் திரட்ட வேண்டும். திரட்டிய பொருளுக்குக் கணக்கு வேண்டும். உத்திரமேரூர்ச் சபையின் விதிகளை இந்த நோக்கோடு படித்துப் பாருங்கள்.

கி.பி. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் இது சதுர்வேதிமங்கலமாக, அதாவது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊராக அமைந்தது. இங்கிருந்த பேரேரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். அதில் ஆண்டுதோறும் வண்டல் எடுப்பதற்காகப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைச் செலவிடும் ஏற்பாடு பல்லவர் காலத்திலேயே இருந்தது.

அதற்குப் பின் வந்த சோழர் காலத்தில், முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் 14ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919இலும் 921இலும், சபையார் இரண்டு தீர்மானங்களைச் செய்து கல்லில் வெட்டினர். வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் அவற்றை இன்றும் காணலாம். முதல் தீர்மானத்தில் உறுப்பினர்க்குரிய வயது 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டாவதில் அது 35க்கு மேல் 70க்குள் என மாறியது. தகுதியின்மைகளும் மிகவும் விரிவாக எழுதப்பட்டன. விதி செய்தவர்களே இரண்டாண்டு நடத்திப் பார்த்து, குறை கண்டு, திருத்தியிருக்கிறார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

முறை இதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சபை முழுதும் கூடியிருக்க, முதியவர் ஒருவர் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்டுவார். ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கி, மீண்டும் அவனைக் கொண்டே ஓர் ஓலையை எடுப்பிப்பர். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பான். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதே இந்த ஐந்து விரலின் கருத்து எனக் கொள்ளலாம். இவ்வாறு வந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் மீண்டும் குடத்தில் விழாது.

வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்க்கு மறுபடியும் இடமில்லை. அவருடைய தந்தை, மகன், மாமனார், மருமகன், மைத்துனன் ஆகிய நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. ஒருவர் விட்ட கணக்கை உறவினர் வந்து மூடி மறைக்க வழி வைக்கவில்லை. இத்தனை விதிகளுள் நான் தலையாயதாக மதிப்பது இதுவே.

ஒருமுறை மாணவர்களை அக்கோயிலுக்கு அழைத்துச் சென்று இவற்றை விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தக் குடத்தில் எங்கள் வீட்டார் பெயர் விழுந்திருக்குமா?" என்று கேட்டாள். அவள் தந்தை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர். நான் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். விழுந்திருக்காது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். வேதமும் அதன் பாஷ்யமும் கற்றவர்க்கு நில அளவில் சலுகை உண்டு. கல்லாத உழவர்க்கு இல்லை. பெண்டிர்க்கு இடமே இல்லை. வண்டல் சுமந்தவர், கரைக்கு மண் கொட்டியவர் பெயர்கள் ஓலையில் ஏறவில்லை. மேலும், அது வாக்கெடுப்பும் அன்று. தகுதியுடைய சிலருள் திருவுளச்சீட்டு எடுத்தலே ஆகும்.

உலகிலேயே முதல் மக்களாட்சி இங்கே நடந்தது என்று சிலர் மேடைகளில் முழங்குவர். மாணவர்களாகிய நீங்கள் அவ்வாறு எழுத வேண்டா. அதற்காக அக்கல்வெட்டை இகழவும் வேண்டா. பொதுப்பொருளைக் கையாள்பவன் கணக்குக் காட்ட வேண்டும், பதவி ஒருவரிடமே தங்கலாகாது, தேர்வு எல்லார் கண்ணெதிரிலும் நடைபெற வேண்டும் என்னும் மூன்று நெறிகளை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தனர். அந்நெறிகளைக் கொள்வோம், அந்த வேலியைத் தள்ளுவோம்.

வேலி இன்று பெருமளவு தகர்ந்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73, 74ஆம் திருத்தங்கள் உள்ளாட்சிகளில் பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் மகளிர்க்கும் இடங்களை ஒதுக்கின. தமிழ்நாட்டில் மகளிர் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. உத்திரமேரூர் இப்போது பேரூராட்சி. சுற்றியுள்ள சிற்றூர்கள் ஊராட்சிகள். அச்சிற்றூர்களில் கிராம சபை கூடும்போது, 18 வயது நிரம்பிய வாக்காளர் எவரும், நிலம் இருப்பினும் இல்லாவிடினும், எழுந்து கணக்குக் கேட்கலாம். அன்று கேள்வி கேட்ட மாணவிக்கும் நான் இறுதியாகச் சொன்னது இதுவே.

ஆனால் ஏரியோ அன்றைய ஏரியேதான். வண்டல் இன்றும் படிகிறது. வரத்துக்கால் இன்றும் தூர்கிறது. ஆக்கிரமிப்பு என்னும் மூன்றாவது பகையும் பல ஊர் ஏரிகளுக்குச் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர் ஏரியின் மதகுகள் எத்தனை, கலங்கல் எங்கே, அதன் நீர் அடுத்து எந்த ஊர் ஏரிக்குச் செல்கிறது என்பவற்றை இவ்விடுமுறையில் நடந்து சென்று கண்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள். 18 வயது நிரம்பி நீங்கள் கிராம சபையில் அமரும் நாளில் அந்தக் குறிப்பேடு உங்கள் கையில் இருக்கட்டும். அப்பொழுது நீங்கள் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லாமல் எவரும் தப்ப இயலாது.