வாங்கியது மஞ்சள், பூத்தது வேறு



கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி பக்கம் வாசலில் நாலு தொட்டி வைத்துப் பூச்செடி வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் குறை எப்படியும் வந்துவிடும். "மஞ்சள் ரோஜான்னு சொல்லித்தான் நர்சரியில கொடுத்தாங்க. மொதல்ல மஞ்சளாத்தான் பூத்துச்சு. இப்ப பாருங்க, கொத்துக் கொத்தா ஏதோ வெளிறிப்போன ரோஸ் கலர்ல பூக்குது." அடுத்த வாக்கியத்தில் பழி சிப்காட் தொழிற்பேட்டை மேல் விழும். இரும்பு ஆலைப் புகை, போர் தண்ணீர், கெட்டுப்போன மண் என்று காரணங்கள் வரிசையாக வரும்.

கொடியில் காயும் துணியில் கரித்தூள் படிவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். புகையில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு இலையின் நரம்புகளுக்கு நடுவே வெளுத்த திட்டுகளை உண்டாக்கும், செடியின் வளர்ச்சியைக் குறைக்கும். ஆனால் மஞ்சள் ரோஜாவை வேறொரு ரோஜாவாக மாற்றுகிற சக்தி புகைக்கு இல்லை. புகையைப் பற்றிப் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இலையைச் சாட்சியாகக் கொண்டு போங்கள். பூவின் நிறம் அங்கே எடுபடாது.

சரி, அந்த ரோஜாவுக்கு என்னதான் ஆனது? தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தண்டைப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே முண்டு போல ஓர் இடம் தடித்திருக்கும். அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். நர்சரியில் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை இரண்டு செடிகள் சேர்ந்தவை. கீழே இருப்பது வறட்சியையும் நோயையும் தாங்குகிற முரட்டு ரோஜாவின் வேர். அதன் மேல் நாம் ஆசைப்பட்ட மஞ்சள் ரோஜாவின் ஒரே ஒரு மொட்டைச் செருகிக் கட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே இருந்து ஒரு போத்து கிளம்பினால் அது வேர்ச்செடியின் சொந்தக் கிளை. அது நெடுநெடுவென வளரும், இலையும் முள்ளும் வேறு மாதிரி இருக்கும். செடி நன்றாகத் தழைக்கிறதே என்று நாமும் சந்தோஷப்பட்டு விட்டுவிடுவோம். சில மாதங்களில் அது சாப்பாட்டையெல்லாம் இழுத்துக்கொள்ள, மேலே இருக்கும் மஞ்சள் மெலிந்து காய்ந்து போகும். ஆக, பூ நிறம் மாறவே இல்லை. ஒரு செடி செத்து, இன்னொரு செடி பூத்திருக்கிறது.

இதற்கு வழி எளிது. போத்து தலைகாட்டியதும், மண்ணைக் கொஞ்சம் விலக்கி, அது கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுத்துவிட வேண்டும். மேலோடு வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும்.

குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களுக்கும் இதே கவலை உண்டு. அங்கே கவலையைக் கொடுப்பது ஐரிஸ் என்ற பூச்செடி. நம் சமவெளியில் அது அவ்வளவாக வராது. காஷ்மீரில் வசந்த காலத்தில் கல்லறைத் தோட்டங்கள் முழுக்க ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். ஆசையாக வாங்கி நட்ட வேறு நிற ஐரிஸ் சில வருடத்தில் ஊதாவாக மாறிவிட்டது என்பார்கள் அந்தத் தோட்டக்காரர்கள். பெரும்பாலும் நடந்திருப்பது, பக்கத்தில் இருந்த வலுவான பழைய ரகத்தின் கிழங்கு பரவி மற்றதை நெருக்கியிருக்கும். அல்லது காய் முற்றி வெடித்து, விதை கிழங்குகளுக்கு நடுவிலேயே விழுந்து முளைத்திருக்கும். விதையில் வந்த செடி தாயைப் போலவே பூக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இதைப் பார்க்க காஷ்மீர் போக வேண்டாம், நம் கொல்லைப்புற அந்திமல்லியே போதும். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆராய்ச்சியை 1900-இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மூவரில் ஒருவர் ஜெர்மானியரான கார்ல் காரன்ஸ். அவர் ஆராய்ந்த செடிகளில் அந்திமல்லியும் ஒன்று. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் பிள்ளைகள் எல்லாம் ரோஸ். அந்த ரோஸ் பூவின் விதையைப் போட்டால் நாலில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, மீதி இரண்டு ரோஸ் என்ற கணக்கில் வரும். பிடித்த நிறத்தின் விதையைப் பொறுக்கி வைத்து, வேறு நிறம் வந்ததென்று வருத்தப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். நம் பூக்கடைகளில் பார்க்கிற டெல்லி கனகாம்பரம் நிறம் மாறாமல் வருவதற்குக் காரணம், விதையின் இந்தக் கணக்கு அதற்கு இல்லாததுதான். அது விதை பிடிக்காத ரகம், கிளையை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். அதனால் எல்லாச் செடியும் ஒரே செடிதான்.

வெயிலையும் சொல்லியாக வேண்டும். சிவப்பு, ஊதா, நீலப் பூக்கள் பலவற்றுக்கு நிறம் கொடுப்பது ஆந்தோசயனின் என்ற சாயம். வெப்பம் ஏற ஏற, செடி அதைக் குறைவாகத்தான் தயாரிக்கும். மார்கழியில் கருஞ்சிவப்பாகப் பூத்த ரோஜா, திருவள்ளூர் கத்திரி வெயிலில் வெளுத்துப் பூப்பது இதனால்தான். மழை பிடித்ததும் நிறம் திரும்பிவிடும். அதற்காக மருந்து, உரம் என்று காசைக் கொட்ட வேண்டாம்.

மண்ணைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாச் சிவப்பாவதைப் பார்த்திருப்பீர்கள். புளிப்பு ஆந்தோசயனினை மாற்றும் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் மண்ணின் புளிப்பு நேராக இதழுக்குப் போய்ச் சேர்வதில்லை, இதழின் செல்லுக்குள் இருக்கும் புளிப்பைச் செடியே நிர்ணயிக்கிறது. ஊட்டியில் நீலமாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா ஒரு விதிவிலக்கு. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்கு ஏறுவதால் வரும் நீலம் அது. நம் ஊர் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

இனி, செடி உண்மையிலேயே நிறம் மாறுகிற சங்கதிக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரே புதரில் வெள்ளையும் ரோஸும் கலந்து பூக்கும் காகிதப்பூவைப் பல வாசல்களில் பார்க்கலாம். அந்த ரகத்தின் பெயர் மேரி பாமர். யாரும் இரண்டு செடியைச் சேர்த்து அதை உருவாக்கவில்லை. மிஸஸ் எச்.சி. பக் என்ற ரோஸ் நிறக் காகிதப்பூச் செடியில் ஒரு கிளை தானாக மாறிப் பூத்தது, அதை வெட்டி நட்டார்கள். பிறகு மேரி பாமரிலேயே ஒரு கிளை மஞ்சள் திட்டு இலைகளோடு வந்தது, அதற்குத் திம்மா என்று பெயர். வளரும் மொட்டின் ஒரு செல்லில் மரபணு மாறினால், அதிலிருந்து வளரும் பகுதி அந்த மாற்றத்தைச் சுமக்கும்.

ஆகவே உங்கள் செடியில் வேறு நிறப் பூ கண்டால் அந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டே கீழே வரை போங்கள். ஒட்டுக்குக் கீழே முடிந்தால் பிய்த்து எறியுங்கள். மேலே, நல்ல கிளையிலிருந்தே பிரிந்திருந்தால் கத்தரியை எடுக்காதீர்கள். அதில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அடுத்த பூவும் அதே நிறத்தில் வந்தால், அந்தக் கிளையில் ஒரு பதியம் போட்டுப் பாருங்கள்.