களைப்பு வேறு, சோம்பல் வேறு

(தோட்டக் குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தொண்டர் குழுவினர் ஆற்றிய உரை)



நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்திருக்கிறோம். அங்கே தேயிலை இல்லை. பனையும் கிணற்றுத் தோட்டமும்தான். ஆனாலும் இங்கே லயத்துக்கு லயம் கேட்கிற பேச்சு எங்களுக்குப் புதிதல்ல. "என்னமோ தெரியலைங்க, எந்நேரமும் அசதியா இருக்கு" என்கிறீர்கள். எங்கள் ஊரில் "ஒரே களைப்பாக் கிடக்குது" என்பினம். சொல்தான் வேறு.

எங்களில் ஒருவரின் அம்மாவின் கதையைச் சொல்கிறோம். 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலம். சீனி கிடைப்பது கஷ்டம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த அம்மா மீனைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுக் குழம்பை மட்டும் தனக்கு விட்டுக்கொள்வார். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி. கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணி அள்ளினால் மூச்சு வாங்கும். "பஞ்சிப்பட்டவள்" என்று சொந்தக்காரரே பேசினார்கள். கடைசியில் இரத்தம் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8. இருக்க வேண்டியது 12. அவர் சோம்பேறியே இல்லை. உடம்பில் இரத்தம் போதவில்லை, அவ்வளவுதான்.

இதைத்தான் இரத்தசோகை என்கிறோம். நாம் இழுக்கிற மூச்சுக்காற்றில் உள்ள ஒட்சிசனை உடம்பு முழுக்கச் சுமந்து போவது இரத்தத்தின் சிவப்புப் பொருள். அதைச் செய்ய இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் மேட்டில் ஏறும்போது நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், கண்ணிமையின் உட்புறம் வெளுக்கும். சிலருக்குப் பச்சையரிசி, மண் தின்ன ஆசை வரும். மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரத்தம் போவதால் பெண்களுக்கே இது கூடுதல்.

இன்னொரு திருடன் கொக்கிப்புழு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும். 1916இலேயே ராக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிரான வேலையைத் தொடங்கினார்கள். இன்றும் செருப்பும் மலசலகூடமும் பூச்சி மருந்தும்தான் வழி. கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்தில் பூச்சி மருந்து எடுக்கக்கூடாது. பிறகு கிளினிக்கில் கேட்டு எடுக்க வேண்டும்.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை சாயத்தண்ணி. வயிறு நிரம்பும். ஆனால் தேயிலையில் உள்ள துவர்ப்பு, சாப்பாட்டிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பருப்பு, கீரையில் உள்ள இரும்பில் உடம்பு எடுப்பது முதலே கொஞ்சம். சாப்பாட்டோடு தேத்தண்ணி சேர்ந்தால் அதிலும் பாதிக்கு மேல் குறைந்துபோகலாம்.

உங்கள் கையால் பறித்த கொழுந்தைக் குடிக்க வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. குடியுங்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னோ பின்னோ குடியுங்கள். சாப்பாட்டோடு சுடுதண்ணி போதும். இதற்குக் காசு தேவையில்லை. விடிய எழும்பியதும் ஒரு தேத்தண்ணி, மலைக்குப் போகும் முன் ரொட்டி என்று பிரித்துக்கொள்ளலாம்.

தேத்தண்ணி தடுப்பதைத் தேசிக்காய் திறந்துவிடும். எங்கள் ஊரில் சொதியை அடுப்பால் இறக்கிய பிறகுதான் தேசிக்காய்ப் புளி விடுவார்கள். கொதிக்கும்போது விட்டால் கைக்கும் என்று அம்மாமார் சொல்லுவினம். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: புளியிலுள்ள விற்றமின் சி சூட்டில் அழியாமல் மிஞ்சும், அது இரும்பை உடம்பில் சேர்க்கும். கீரைச் சுண்டலிலும் பருப்பிலும் இறக்கிய பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள். கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் அதே வேலையைச் செய்யும்.

எங்கள் ஒடியற்கூழைப் பாருங்கள். மீன், நண்டு, இறால், முருங்கையிலை, பயற்றங்காய் எல்லாம் ஒரே பானையில். மீனிலுள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும்; கூட இருக்கிற கீரையின் இரும்பையும் சேர்த்துவிடும். உங்களுக்கு நண்டு எங்கே என்று கேட்பீர்கள். ஒரு பிடி நெத்தலிக் கருவாட்டைக் கழுவி உப்புப் போக்கிக் கீரையோடு போட்டாலும் பலன் உண்டு. குளிர் கூடிய மேட்டுத் தோட்டங்களில் முருங்கை சரியாக வராது. வல்லாரையும் பொன்னாங்காணியும் லயத்து ஓரத்தில் வளரும். பயறு, கௌபி, குரக்கன் மாவையும் முறை வைத்துச் சேருங்கள். 1973 முதல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கி வரும் திரிபோஷா கிடைத்தால் அது அவர்களுக்கே போகட்டும். வீடு முழுக்கப் பங்கு வைக்காதீர்கள்.

ஆனால் இரத்தம் ஏற்கெனவே குறைந்துவிட்டால் கீரை மட்டும் காணாது. முதலில் இரத்தம் சோதிக்க வேண்டும். தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் சோகை வரும். தைரொயிட், நீரிழிவு, காசநோய், மனக்கவலையாலும் களைப்பு வரும். வைத்தியர் இரும்புக் குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள், தேத்தண்ணியோடு வேண்டாம். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குளிசையைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சிறு பிள்ளை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

நாங்கள் சொன்ன அந்த அம்மாவும் வயிறு பிரட்டுது என்று இரண்டு வாரத்தில் குளிசையை நிறுத்தினவர்தான். பிறகு சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பழகி, மாதக்கணக்கில் விடாமல் எடுத்தார். ஒருநாள் தண்ணி அள்ளி முடித்துத் திரும்பி வந்தபோதுதான், இளைக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

கடைசியாக ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஐயாமாரே. சாமான் விலை 2022க்குப் பிறகு எப்படி ஏறியது என்று எல்லாருக்கும் தெரியும். குறைவாக இருக்கிற கறியிலும் ஒரு பங்கு வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்து வந்தவர் கடைசியாகச் சட்டியை வழித்துச் சாப்பிடுவது எங்கள் ஊரிலும் உண்டு, உங்கள் ஊரிலும் உண்டு. இன்று இரவு எல்லாரும் ஒன்றாக உட்காருங்கள். மீன் துண்டு முதலில் அவருடைய கோப்பைக்குப் போகட்டும்.